மேடையில் நன்றாகப் பேச என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது. வேலையில் பொறுப்பு உயர்ந்ததால் அடிக்கடி மேடையேற வேண்டிய நிலைக்கு வந்திருக்கும் ஒருவர், பேச்சை முழுவதும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போகிறார். ஆனாலும் நடுவில் மறந்துவிடுகிறது, கை நடுங்குகிறது, வாய் உலர்ந்துபோகிறது. அடுத்த மாதம் 200 பேர் முன்னிலையில் 15 நிமிடம் பேச வேண்டியிருக்கிறது. நல்ல பேச்சாளராக மாறுவதற்கு வழி என்ன என்று கேட்கிறார். பல ஆண்டுகள் மேடைகளில் பேசியும், பேசப் பழகுகிறவர்களுக்குத் துணையிருந்தும் அறிந்துகொண்டவற்றைக் கொண்டு விடை சொல்ல முயல்கிறேன்.

கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது ஒன்று உண்டு. என் கை, என் வாய், என் நினைவு என்று எல்லாமே பேசுகிறவரைப் பற்றியதாக இருக்கிறது. கேட்கப்போகும் 200 பேர் யார், அவர்கள் எதற்காக வந்து உட்காரப்போகிறார்கள் என்பது ஓரிடத்திலும் வரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அச்சத்தில் இருக்கும் எவருக்கும் கவனம் தன்மீதே குவியும். ஆனால் மேடைக் கூச்சத்தின் வேரும் அதுதான், சுவையற்ற பேச்சின் வேரும் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அறிதல் முந்தியும் அஞ்சாமை பிந்தியும் வைக்கப்பட்டிருக்கும் அந்த வரிசை, மேடையில் நின்று பழகியவர்களின் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. எதிரில் இருப்பவர் யார், அவருக்கு இப்போது என்ன தெரியும், வீட்டுக்குப் போகும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கேள்விகளில் மனம் முழுதாக ஈடுபட்ட பிறகு, தன் கையின் நடுக்கத்தைக் கண்காணிக்க மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை.

இருந்தாலும் உடல் நடுங்குவது உண்மை. அதை முதலில் புரிந்துகொள்வோம். பலருடைய பார்வை ஒருசேர நம்மீது விழுவதை உடல் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் விரல்கள் குளிர்கின்றன, உமிழ்நீர் குறைவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மனிதர்களிடம் மன அழுத்தத்தை வரவழைத்து ஆராய விரும்பிய அறிவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட, இன்றும் ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கையாளப்படும் ட்ரையர் சோதனை முறையில் பங்கேற்பவர் செய்ய வேண்டியவை இரண்டே: முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடுவர் குழுவின் முன் பேசுவது, பிறகு மனக்கணக்குப் போடுவது. எனவே மேடையில் நடுங்குவது உங்கள் தனிப்பட்ட பலவீனம் அல்ல. பெரும்பாலோருக்கு இந்த அலை பேசத் தொடங்கும் தறுவாயில் உச்சத்துக்குப் போய், பேச்சு ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு நிமிடங்களில் இறங்கத் தொடங்குகிறது. அந்த ஒன்றிரண்டு நிமிடங்களைக் கடப்பதற்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டால் போதும். அச்சமே வராத மனிதராக மாற வேண்டிய தேவை இல்லை.

இங்கே இரண்டு ஆய்வு முடிவுகள் கைகொடுக்கும். நம் உள்ளே நடக்கும் கொந்தளிப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அது பார்ப்பவருக்கு மிகக் குறைவாகவே தெரிகிறது. கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள், தெரியாமல் பேசியவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்; பேசியவர்கள் மட்டுமல்லாமல், கேட்டவர்களும் அவ்வாறே மதிப்பிட்டார்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று தமக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றது. துடிக்கும் இதயத்தை அடக்குவது கடினம். ஆனால் அந்தத் துடிப்புக்கு வேறொரு பெயர் சூட்டுவது இயலும் என்பதே இதன் பொருள். சிறு ஏற்பாடுகளும் உதவும். மெல்லிய தாள் கையின் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும்; ஆகவே குறிப்பைத் தடித்த அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் தண்ணீர் எட்டும் தொலைவில் இருக்கட்டும். மேடைக்கு அழைக்கப்படுவதற்கு முன் மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளும்படி நான்கைந்து முறை மூச்சுவிடுங்கள்.

அடுத்தது மனப்பாடம். உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதியதைச் சொல்லுக்குச் சொல் மனத்தில் ஏற்றும்போது, ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்துவரும் சங்கிலியாகவே நினைவு அமைகிறது. அவையில் ஒருவர் இருமினாலோ, கதவு திறந்தாலோ ஒரு கண்ணி அறுகிறது. அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஒருசேரப் போய்விடுகின்றன. வின்ஸ்டன் சர்ச்சில் இளம் உறுப்பினராக இருந்த 1904இல், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தபோது தொடர்ச்சியை இழந்து, வாக்கியத்தை முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் முக்கியமான பேச்சுகளுக்கு விரிவான குறிப்பு இல்லாமல் அவர் எழுந்ததில்லை. எனக்கும் தொடக்க ஆண்டுகளில் இது நேர்ந்திருக்கிறது. 20 நிமிடப் பேச்சின் ஏழாவது நிமிடத்தில் ஒரு வரி தப்பியது. எவ்வளவு முயன்றும் திரும்பி வரவில்லை. வேறு வழியின்றி, அந்தப் பொருளைப் பற்றி நான் ஏன் கவலைப்படுகிறேன் என்பதை என் சொந்தச் சொற்களில் சொல்லி முடித்தேன். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து பேசியவர்கள் அத்தனை பேரும் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியே பேசினார்கள். மூன்று வாரம் உழைத்து மெருகேற்றிய முதல் பகுதி எவர் நினைவிலும் இல்லை. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மாலையில் கற்றதை வேறெங்கும் கற்றதில்லை.

ஆகவே சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள்; கருத்துகளின் இணைப்பை மனத்தில் இருத்துங்கள். முதல் கருத்திலிருந்து இரண்டாவது கருத்து ஏன் பிறக்கிறது, இரண்டாவதை ஏற்றுக்கொண்டவர் மூன்றாவதாக என்ன கேட்பார் என்ற காரணத் தொடர்பு தெளிவாக இருந்தால், ஒரு சொல் தப்பினாலும் வேறொரு சொல் வந்து நிற்கும். காரணத் தொடர்பே இல்லாத இரண்டு கருத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அங்கேதான் மறதி வரும். மறக்கும் இடம் பெரும்பாலும் பேச்சின் கட்டுமானம் பழுதான இடமாகவே இருக்கிறது என்பதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். விதிவிலக்காக, எடுப்பின் முதல் மூன்று நான்கு வாக்கியங்களையும் முடிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அச்சம் உச்சத்தில் இருக்கும் தொடக்கத்தில் சிந்திக்காமலே வாய் பேசும். முடிவில் எங்கே நிறுத்துவது என்று தடுமாற நேராது.

தயாரிப்பை எங்கிருந்து தொடங்குவது என்றால், கடைசியிலிருந்து தொடங்குங்கள். கேட்டவர் மறுநாள் காலையில் இன்னொருவரிடம் உங்கள் பேச்சைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்வதாக வைத்துக்கொண்டால், அந்த வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும்? அதை எழுதிவிடுங்கள். எழுத வரவில்லை என்றால் பேச்சுக்கு இன்னும் பொருள் அமையவில்லை என்று கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் ஒரு மையக் கருத்தையும் அதைத் தாங்கும் இரண்டு அல்லது மூன்று தூண்களையும் மட்டுமே நிறுத்த முடியும். படிப்பவர் புரியாத இடத்தில் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே எழுத்தில் குறையாகத் தெரியும் ‘கூறியது கூறல்’ பேச்சில் தேவையாகிறது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு குறிப்பான நிகழ்ச்சியோ எண்ணோ வேண்டும். ‘வாடிக்கையாளர்கள் சிரமப்படுகிறார்கள்’ என்ற வாக்கியம் காற்றில் போய்விடும். ஒரே படிவத்தை ஒருவர் நான்கு முறை நிரப்ப வேண்டி வந்ததைச் சொன்னால் அது நிற்கும். ஆயத்தம் செய்யும்போது சேர்த்ததில் பாதியையாவது நீக்க வேண்டியிருக்கும், நீக்குவது வலிக்கும். 1863ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் அன்றைய முதன்மைப் பேச்சாளரான எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த ஆபிரகாம் லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொண்டார். உலகின் நினைவில் நின்றது எது என்பது எல்லோரும் அறிந்ததே.

தமிழில் பேசுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. எதிர்மறையும் கடைசியில்தான் வருகிறது. ‘இந்தத் திட்டத்தை நாம் இந்த ஆண்டே நடைமுறைப்படுத்த’ என்பது வரை கேட்டவருக்கு, அடுத்து வரப்போவது ‘வேண்டும்’ என்பதா ‘இயலாது’ என்பதா என்று தெரியாது. பெரும்பாலான புதிய பேச்சாளர்கள் மூச்சுத் தீர்ந்துபோய் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் குரலைத் தாழ்த்துகிறார்கள். அதாவது, பொருளைத் தீர்மானிக்கும் சொல்லையே விழுங்கிவிடுகிறார்கள். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, கடைசிச் சொல்வரை எட்டும் அளவுக்கு மூச்சை நிரப்பிக்கொண்டு வாக்கியத்தைத் தொடங்குவது. இன்னொன்று, வாக்கியங்களைக் குறுக்குவது. எழுத்தில் அழகாக நீளும் தொடர், பேச்சில் வினைச்சொல் வந்து சேரும்வரை கேட்பவரின் நினைவில் அத்தனை பாரத்தையும் ஏற்றிவைக்கிறது. அதே கருத்தை மூன்று வாக்கியங்களாக உடைத்தால் மூன்று இடங்களில் அவர் பாரத்தை இறக்கி வைத்துவிடலாம்.

இதோடு சேர்ந்ததுதான் எந்தத் தமிழில் பேசுவது என்ற கேள்வி. வீட்டில் பேசும் நடை வேறு, எழுதும் நடை வேறு என்று இருக்கும் மொழியில், எழுத்துநடையில் தயாரித்த பேச்சைப் பழக்கமில்லாத நாக்கில் ஏற்றினால் சுமை இரட்டிப்பாகிறது. முழுத் தூய எழுத்துநடையில் தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் தடுமாறிப் பேச்சுநடைக்குச் சரிவதைவிட, முதலிலிருந்தே கொச்சையில்லாத, இயல்பான பேச்சுநடையில் நிற்பது எவ்வளவோ மேல். கேட்பவர்கள் நடை மாறும் இடத்தில் பேச்சாளரின் பதற்றத்தை உணர்ந்துவிடுகிறார்கள். எந்த நடையைத் தேர்ந்தாலும் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் தெளிவாக ஒலிக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் நல்ல உரைநடையை உரக்கப் படிப்பது இதற்குப் போதுமான பயிற்சி.

ஒத்திகை என்பது வாய்விட்டுச் செய்வது. மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனத்துக்குள் எந்தச் சொல்லும் நாக்கில் இடறுவதில்லை, மூச்சும் முட்டுவதில்லை. நின்றுகொண்டு, முழுக் குரலில், அட்டையிலிருக்கும் குறிப்புகளை மட்டும் பார்த்து, கடிகாரத்தை வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும், மாறுவதுதான் நல்லது. பிறகு செல்போனில் பதிவுசெய்து கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது முதலில் எவருக்கும் பிடிப்பதில்லை. பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையெலும்பின் வழியாகவும் நம் காதுக்குள் சென்று ஆழமாக ஒலிக்கிறது. பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் அது அந்நியமாகத் தோன்றுகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு ஒரு முறைக்கு ஒரே குறையை மட்டும் தேடுங்கள்: முதல் முறை வேகம், அடுத்த முறை வாக்கிய முடிவுகள், அதற்கடுத்து ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீர்கள் என்றால்’ என்று தேவையில்லாமல் நுழையும் சொற்கள். இந்த இட்டுநிரப்பும் சொற்களை அடக்க முயன்றால் அவை பெருகும். அவை வரும் இடத்தில் வாயை மூடி ஒரு நொடி நிற்கப் பழகினால் தாமாக மறையும். அந்த ஒரு நொடி மௌனம் பேசுபவருக்கு நெடுநேரமாகத் தோன்றும். கேட்பவருக்கோ, இப்போது சொன்னதை உள்வாங்கிக்கொள்ளக் கிடைத்த இடைவெளி.

‘அந்த நேரத்தில் தானாக வந்ததுதான் உண்மையான பேச்சு’ என்று சொல்லித் தயாரிப்பைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரை. அவர் அன்று எழுதிவந்ததை விட்டு விலகித்தான் தம் கனவைப் பற்றிப் பேசினார் என்பது உண்மை. ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட் நகரிலும் அவர் பேசியிருந்தார். பலமுறை வாயில் புழங்கிய கருத்துதான் தேவைப்பட்ட நொடியில் வந்து நின்றது. முன்பே உழைத்தவருக்குத்தான் திடீரென்று வாய்க்கும் என்பதற்கே அது சான்று.

உடல்மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்படுகிறது. தகவல் பரிமாற்றத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடலுக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கணக்கு, ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளைத் தவறாக விரித்ததால் வந்தது. ஒருவருடைய விருப்பு வெறுப்பை ஒற்றைச் சொற்களின் தொனியிலிருந்தும் முகக்குறிப்பிலிருந்தும் எப்படி ஊகிக்கிறார்கள் என்பதே அங்கு ஆராயப்பட்டது; முழுப் பேச்சுக்கு அது பொருந்தாது. உள்ளடக்கம் இல்லாத பேச்சைக் கையசைவு காப்பாற்றாது. இரண்டு பாதங்களிலும் எடையைச் சமமாக ஊன்றி நில்லுங்கள். கைகள் என்ன செய்ய வேண்டும் என்று திட்டமிடாதீர்கள். கண்ணை மட்டும் பயிற்றுங்கள்: ஒரு வாக்கியத்தை ஒருவரிடம் முழுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை அவையின் வேறொரு பகுதியில் இருக்கும் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 200 பேரிடம் பேசுவது அச்சம் தரும். ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் பேசுவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மைக் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றுக் கீழே இருந்தால் ‘ப’ ஒலி வெடிக்காது. திரையில் எதையாவது காட்டினால், அதில் உள்ள வரிகளைப் படிக்காதீர்கள். படிப்பதையும் கேட்பதையும் ஒரே நேரத்தில் மனிதரால் நன்றாகச் செய்ய முடியாது.

நடுவில் மறந்துவிட்டால் நில்லுங்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை, சற்று அழுத்தமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்தது வந்துவிடும். வராவிட்டால் அட்டையைப் பார்த்து அடுத்த தூணுக்குப் போய்விடுங்கள். நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அவையில் இருப்பவர் எவர் கையிலும் உங்கள் பேச்சின் படி இல்லை. மன்னிப்புக் கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

மேடை அனுபவம் எண்ணிக்கையால் வருவது. ஆண்டுக்கு இரண்டு பெரிய பேச்சுகளைவிட வாரத்துக்கு ஒரு சிறிய பேச்சு பலமடங்கு கற்றுத்தரும். கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்பதும், ஒருவரை அறிமுகப்படுத்துவதும், நன்றி சொல்வதும் பேச்சுதான். 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. அங்கே நேரத்தைக் கணிக்க ஒருவர், இட்டுநிரப்பும் சொற்களை எண்ண ஒருவர், பேச்சை மதிப்பிட ஒருவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. அத்தகைய மன்றம் கிடைக்காவிட்டால் நான்கு நண்பர்கள் சேர்ந்து இதையே செய்துகொள்ளலாம். ஆனால் அவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருந்தது’ என்ற பதில் மட்டும்தான் கிடைக்கும். ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள். நீங்கள் தயாரிப்பின் தொடக்கத்தில் எழுதிவைத்த வாக்கியத்துக்கு அருகில் அவர்களுடைய விடை இருந்தால் பேச்சு வென்றது. விலகியிருந்தால் எந்த இடத்தில் விலகியது என்று தேடலாம்.

அச்சம் இந்த எல்லைக்குள் அடங்காமல், பேச வேண்டிய நாளுக்குப் பல வாரங்கள் முன்பே உறக்கத்தைக் கெடுத்து, வாய்ப்புகளையும் மனிதர்களையும் தவிர்க்கவைக்கிறது என்றால், அது மருத்துவ உதவிக்குரிய சமூகப் பதற்றமாக இருக்கலாம். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சைக்கு அதில் நல்ல பலன் உண்டு. நடுக்கத்தைக் குறைக்க ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரைகளைச் சிலர் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாக முடியும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. முதல் வாரத்தில் எதையும் எழுத வேண்டாம். கேட்க வரப்போகிறவர்களில் மூன்று நான்கு பேரிடம் பேசி, இந்தப் பொருளில் அவர்களுக்கு உள்ள ஐயம் என்ன என்று அறிந்துகொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தில் மைய வாக்கியமும் தூண்களும் அட்டையில் ஏறட்டும். மூன்றாம் வாரம் முழுவதும் நாளுக்கு ஒருமுறை நின்று பேசுங்கள். 15 நிமிடத்துக்கு 12 நிமிட அளவு மட்டும் தயாரித்து, நேரம் போதாமல் போனால் எந்தப் பகுதியை விடுவது என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஒரு சிறு குழுவின் முன் ஒருமுறையாவது பேசிப் பாருங்கள். அன்றைய நாளில் சீக்கிரமே போய், காலியான அரங்கின் மேடையில் நின்று ஓரிரு வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதலில் வந்து அமர்கிறவர்களிடம் சில நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மேடையேறும்போது அவையில் நாலைந்து தெரிந்த முகங்கள் இருக்கும். முதல் வாக்கியங்களை அவர்களிடம் சொல்லுங்கள். பேசி முடித்த அன்றிரவே, எந்த இடத்தில் அவை அசையாமல் கேட்டது, எந்த இடத்தில் நாற்காலிகள் சத்தமிட்டன என்பதை அதே அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த பேச்சின் தயாரிப்பை அந்த வரிகளிலிருந்து தொடங்கலாம்.